கடைசி வயல்காரர் சொல்லும்வரை

அந்தக் குளத்துக்கு நான் காவலுக்குப் போனது, போக வேறு இடம் இல்லாததால்தான். அதற்கு முன் துறைமுகத்தில் மா மூட்டை இறக்கியிருக்கிறேன். கட்டாரில் கம்பி கட்டியிருக்கிறேன். வவுனியாப் பக்கம் ஒரு லொறியில் கிளீனராகத் திரிந்தேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு எதிலும் நிலைத்து நின்றதில்லை. லிங்கநகரில் அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு பாய் சுருட்டி வைத்திருக்கும். நான் வாசலில் நின்றால் அக்கா, "இந்தமுறை எத்தினை நாளைக்கு?" என்றுதான் கேட்பாள். அந்தமுறை அவளே வேலையும் பார்த்து வைத்திருந்தாள். அவளுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு குளம் இருக்கிறதாம்; பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

"குளத்தை என்னத்துக்குப் பாக்கிறது? அது எழும்பி ஓடப்போகுதோ?" என்றேன்.

"நீ எழும்பி ஓடாமல் இருந்தால் போதும்," என்றாள்.

குளம் கிண்ணியாவுக்கு உட்பக்கம், காட்டோரத்தில் இருந்தது. துறைமுக மாவட்டம் என்று பெயர். அங்கே இருப்பவர்கள் கப்பலைக் கண்டு மாதக்கணக்காகும். ரீச்சரின் கணவர் அந்தக் காணியை வாங்கும்போது அங்கே மழைநீர் தேங்கும் ஒரு பள்ளம் மட்டும்தான் இருந்ததாம். இரண்டு மேடுகளுக்கு நடுவே புல்டோசரால் மண்ணைத் தள்ளி, அவர்தான் அணைக்கட்டைப் போட்டார். கல்லோ கொங்கிரீட்டோ இல்லை, எல்லாம் மண்தான். உயரம் ஒன்றரை ஆள் இருக்கும். நடுவில் வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசு. அதற்கு மட்டும் சீமெந்துப் பெட்டியும் திருகித் திறக்கிற இரும்புப் பிடியும் உண்டு. தெற்கு முனையில் கட்டு தாழ்ந்து கல் பதித்த ஓர் இடம். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதனால் வழிந்து பற்றைக்குள் போய்விடும். அதை வான் என்பார்கள்.

என் வேலை பெரிய வேலையில்லை. காலையில் கட்டின் மேல் ஒருதரமும், அடிவாரத்தால் ஒருதரமும் நடக்க வேண்டும். உடும்பும் எலியும் தோண்டிய பொந்துகளைப் புற்றுமண் குழைத்து அடைக்க வேண்டும். மாடு ஏறினால் விரட்ட வேண்டும். யானை ஏறினால் விரட்டக் கூடாது. அது போன பிறகு, மிதித்த இடத்தில் மண் போட வேண்டும். வடக்கு முனையில் யானைகள் ஏறி இறங்கிக் கட்டையே தேய்த்து வைத்திருந்தன. நான் போட்ட மண்ணைத் தங்களுக்குப் போட்ட படியென்று நினைத்தனவோ என்னவோ, அதே இடத்தால்தான் திரும்பத் திரும்ப வரும்.

துருசுக்குக் கீழே முதலில் ரீச்சரின் மேல் வயல். அதற்குக் கீழே குறிஞ்சாக்கேணிக் குடும்பங்கள் சிலவற்றின் வயல்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், காக்கா, அதாவது அண்ணன், என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் மனிதரின் வயல். கீழ் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்று எழுத்தில் ஒன்றும் இல்லை. ரீச்சரின் கணவர் வாயால் சொன்னது, அவர் இறந்த பிறகும் அப்படியே நடந்தது. அவர் வைத்த இன்னொரு ஒழுங்கும் இருந்தது. மாரி முடியும் சமயம் வானுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கி, வழிந்து போகிற கடைசித் தண்ணீரையும் மறித்து வைப்பார்கள். வெயில்காலத்தில் செய்கிற சிறுபோகத்துக்கு அதுதான் கைகொடுக்கும். அடுத்த மாரி தொடங்கியதும், வெள்ளம் வழிந்தோட, மூட்டைகளை எடுத்துவிட வேண்டும். எடுக்கலாம் என்று சொல்லும் உரிமை கடைசி வயல்காரருக்கு மட்டும்தான். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருவது அவரிடம். அவர் போதும் என்றால் மற்ற ஒருவரும் போதாது என்று வாய் திறக்க முடியாது. குளத்துச் சொந்தக்காரிகூட அவரைக் கேட்காமல் ஒரு மூட்டையை நகர்த்த மாட்டார்.

காக்காவுக்கு அறுபதை அண்டிய வயது. நான் வந்த முதல் கிழமையே கட்டில் ஏறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ஒரு இடத்தில ரெண்டு பெருநாள் இருந்த ஆளா நீ?"

"இல்லை காக்கா."

"அப்ப நம்மட குளத்துக்குப் பொருத்தம். இதுவும் ரெண்டு பெருநாளைக்குத் தண்ணி வச்சிருக்கிறல்லெ."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் விசயம் அதுதான். முந்திய சிறுபோகத்தில் தண்ணீர் அவருடைய வரம்புக்கு எட்டவே இல்லை. பயிர் நின்ற நிலையில் கருகியது. அதற்குப் பிறகு அவர் தன் மீன்பிடித் தோணியை விற்று, கிடைத்ததை வயலிலேயே போட்டிருந்தார். கடலுக்குப் போக இனி முதுகு விடாது என்றார். ஆகவே அந்தமுறை மாரி முடிந்து மூட்டை அடுக்கும்போது அவரும் இறங்கி என்னோடு அடுக்கினார். மூட்டைக்கு மூட்டை இடையில் புற்றுமண் அப்பினோம். மாடு தட்டிவிடாதிருக்க முன்னால் கம்பு நட்டு, பழைய வலையால் இறுக்கிக் கட்டினோம். அதன் மேல் புல்லும் வேர்விட்டது. ரீச்சர் வந்து பார்த்துவிட்டு, "இது மூட்டையோ மதிலோ?" என்று கேட்டார். எங்களுக்கு அது புகழ்ச்சியாகத்தான் பட்டது.

ரீச்சர் பாலையூற்றில் தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஞாயிறு பூசைக்கு அங்கே நிற்க வேண்டும் என்பதால் சனிக்கிழமைகளில் பஸ்ஸிலும் ஓட்டோவிலுமாக வந்து பொழுதுபட முன் திரும்பிவிடுவார். மாரி காலத்தில் மட்டும் கட்டருகே இருந்த தகரக் கூரை வீட்டில் சில நாட்கள் தங்குவார். கையில் ஒரு குடை இருக்கும். விரித்து நான் கண்டதில்லை. அதன் நுனியால் பொந்துகளைக் காட்டுவார். "இது ஆர் அடைச்சது? திருப்பிச் செய்," என்பார். நான் திருப்பிச் செய்வேன்.

மாரி அந்த வருடம் பிந்தி வந்தது. விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு பெய்தது, குளம் அரைவாசிக்கு மேல் வந்தது. ரீச்சர் காக்காவிடம் கேட்டார்.

"காக்கா, மூட்டையை எடுப்பமா?"

"இன்னும் ஒரு மழையப் பாப்பம் ரீச்சர்."

இன்னொரு மழை பெய்தது. வானின் கல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது. மூட்டைகள் இல்லாவிட்டால் அன்றே வழியத் தொடங்கியிருக்கும்.

"இப்ப எடுப்பமா?"

"கட்டு தண்ணிய நல்லா வச்சிருக்கெல்லா? இன்னும் ஒரு மழை."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கருகிய வயலைப் பார்த்த மனிதருக்குக் குளம் எவ்வளவு நிறைந்தாலும் போதாது. நானும் மறிபட்டு நிற்கும் தண்ணீரைக் காலையில் பார்க்கும்போது, ஏதோ சேர்த்து வைத்தவன் போலத்தான் நடந்தேன்.

பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் பெருமழை பிடித்தது. அன்று காக்கா கிண்ணியாவில் இருந்தார். அவருடைய மச்சான் இறந்து மையத்து வீடு. ரீச்சர் முதல் நாள்தான் குளத்துக்கு வந்திருந்தார். வந்தவர் திரும்பிப் போக முடியாதபடி பாதையை வெள்ளம் மூடியது. தொலைபேசியில் கோடு ஒன்றுகூடக் காட்டவில்லை. காற்று இல்லாமல், இடி இல்லாமல், யாரோ மேலே திறந்துவிட்டு மறந்தது போல மழை பெய்தது. பகல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். குசினிக் கூரை ஒழுகி அடுப்பு அணைந்தது. பாணும் சம்பலும்தான் சாப்பாடு. நான் மணிக்கொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"ரீச்சர், மூட்டையின்ட அரைவாசிக்குத் தண்ணி நிக்குது. எடுத்துவிடுவம்."

"காக்கா சொல்லல்லையே."

"அவருக்குச் சொல்ல ஏலாது ரீச்சர். கோல் போகுதில்லை."

"அப்ப வரட்டும். போன வருசம் அந்த மனிசன் எரிஞ்ச வயலைப் பாத்துக்கொண்டு நிண்டது எனக்குத்தான் தெரியும். இப்ப நான் அவரைக் கேளாமல் தண்ணியை விட்டால், என்ட வயலுக்குப் போதும் எண்டபடியால் விட்டுட்டா எண்டுதான் நினைப்பார்."

அவர் அப்படி நினைக்க மாட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே தண்ணீர் விசயத்தில் எவரும் எதையும் நினைப்பார்கள். நான் கூலிக்காரன், ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பவும் கட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை மூட்டைகளுக்கு மேலாலும் தண்ணீர் வழிந்தது. அப்போதுதான் ரீச்சர், "சரி, கொஞ்சத்தை எடு," என்றார். எடுக்க முடியவில்லை. அரையில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். புல் வேரும் வலையும் புற்றுமண்ணுமாக எல்லாம் ஒன்றோடொன்று இறுகியிருந்தன. ஒரு மூட்டை கிழிந்து மண் போனது, மற்றவை அசையவில்லை. தண்ணீர் காலை இழுத்தது. வலையில் மிதக்கும் சல்வீனியாப் பூண்டும் சுள்ளியும் வந்து அடைந்து, இருந்த வழியும் குறைந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். கட்டின் தலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம்தான் மிச்சம்.

பிறகு அடிவாரத்தால் நடந்தபோது அதைக் கண்டேன். துருசுக்குப் பக்கத்தில், பழைய மருதமரத்தின் அடிக்கட்டை உக்கிய இடத்தில், தண்ணீர் கசிந்தது. மண்கட்டில் கசிவு எப்போதும் உண்டு. தெளிந்து வந்தால் பயமில்லை. கையில் ஏந்தினேன், பால் ஊற்றிய தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. கட்டு உள்ளே கரைகிறது. அது அந்த இடத்தால் உடைந்தால் முழுக் குளமும் நேரே வயல்களில் இறங்கும். கதிர் மட்டுமல்ல, வயலே மணலுக்குள் போகும். கடைசியில் எல்லா மணலும் போய்க் குவிவது காக்காவின் துண்டில்.

ரீச்சரிடம் சொன்னேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து, குனிந்து பார்த்தார். தானும் ஒரு கை ஏந்திப் பார்த்தார்.

மத்தியானம் போல காக்கா வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரால் நடந்து வந்திருந்தார். மற்றக் கையில் மையத்து வீட்டுச் சாப்பாட்டுப் பார்சல் ஒன்று, நனையாமல் தலைக்கு மேலே.

"ஏன் ரீச்சர் இன்னும் தொறக்கல்லெ?"

"நீங்க சொல்லல்லையே காக்கா."

அவர் சேற்றிலேயே குந்திவிட்டார்.

"நான் சொல்லித்தான் தொறக்கணுமா? குளமே போகப்போகுதே!"

"அப்பிடித்தானே எங்கட அவர் வச்சவர்."

"அவர் மௌத்தாகி எவ்வளவு காலம்! அல்லாவே, நான் மையத்து வீட்டில இருந்து என்ன நினைச்சன் தெரியுமா? ரீச்சர் இந்நேரம் தொறந்திருப்பா, நம்மளக் கேக்கவும் இல்லெ, தண்ணியெல்லாம் போயிரிக்கும் எண்டு. அங்க ஓதுறாங்க, நான் ஒங்களோட மனசுக்குள்ள சண்டை பிடிச்சிட்டு இரிக்கன்."

ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அந்த மழையில், அந்த முகத்தில், அது சிரிப்பு மாதிரியும் இல்லை. "நான் உங்களோட சண்டை வரப்படாதெண்டுதான் திறக்காமல் இருந்தனான்," என்றார்.

நான் கசிவின் நிறத்தைச் சொன்னேன். காக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் பேச்சு மாறிவிட்டது. துருசைத் திறந்தாலும் அந்த வெள்ளத்துக்கு அது போதாது; எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழிதான் மிச்சம். வடக்கு முனையில் யானை தேய்த்த இடத்தில் கட்டை வெட்டிவிட வேண்டும். அங்கே இறங்கும் தண்ணீர் பற்றைக்குள்ளால் ஓடைக்குப் போகும், வயலில் படாது. ஆனால் வெட்டிய மண்கட்டு வெட்டிய அளவில் நிற்காது. தண்ணீர் அரித்துக்கொண்டே போகும். குளம் காலியாகும். தனியார் குளம் என்பதால் அரசாங்கம் வந்து கட்டித் தராது. பயிரைக் காப்பாற்ற ரீச்சர் குளத்தைக் கொடுக்க வேண்டும்.

"வெட்டுங்க," என்றார் ரீச்சர்.

"எண்ட நெல்லுக்காக ஒங்கட குளத்தை நான் வெட்டுறதா? ஏலாது ரீச்சர். ஒங்கட வூட்டுக்காரர் போட்ட கட்டு."

"வெட்டாமல் விட்டாலும் பின்னேரத்துக்குள்ள துருசடியால போகுது. பிறகு குளமும் இல்லை, வயலும் இல்லை."

"தெரியும். ஆனா எண்ட கையால ஏலாது."

ரீச்சர் என்னிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார். குடையை எனக்குத் தந்தார். வடக்கு முனைக்கு நடந்து போய், இரண்டு கையாலும் ஓங்கிக் கொத்தினார். அலகு புல்வேரில் சிக்கி நின்றது. இழுத்தார்; வரவில்லை. காலை வைத்து இழுத்து, திரும்பக் கொத்தினார். ஒரு கைப்பிடி மண் வந்தது. மூன்றாவது தரம் மூச்சு வாங்கி நின்றார்.

காக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிட்டப் போய்க் கையை நீட்டினார்.

"தாங்க ரீச்சர். நீங்க கொத்தி முடியிறதுக்குள்ள கதிர் முத்தி நானே வெட்டி எடுத்திருவன்."

ரீச்சர் கொடுத்தார். காக்கா "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கொத்தத் தொடங்கினார். நான் அலவாங்குக் கம்பியால் கிளறிக் கொடுத்தேன். ரீச்சர் வெட்டிய மண்ணைக் கையால் அள்ளி எறிந்தார். முதலில் விரல் தடிப்பில் தண்ணீர் வந்தது. பிறகு வாய்க்கால் அளவு. பிறகு கரை பொத்துப் பொத்தென்று விழ, காக்கா, "போதும், ஏறு, ஏறு!" என்று கத்தினார். மூவரும் கட்டின் மேலால் ஓடினோம். மண்வெட்டி தண்ணீரோடு போய்விட்டது.

பின்னேர அசர் தொழுகை நேரத்துக்குள் ஒரு லொறி நுழையும் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. தண்ணீர் அடங்கிய ஒரு முழக்கத்தோடு போய்க்கொண்டிருந்தது. மீனும் போனது. என் சாக்கை விரித்து அதன் மேல் காக்கா தொழுதார். ரீச்சர் கட்டின் மேலேயே நின்றார். நான் துருசடிக்குப் போனேன். கசிவு குறைந்திருந்தது. கையில் ஏந்தினேன், இன்னும் கலங்கல்தான், ஆனால் அடியில் என் ரேகை தெரிந்தது. வந்து சொன்னேன். அதற்குப் பிறகுதான் காக்கா சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார். மூவரும் ஒரே இலையில் பிசைந்து சாப்பிட்டோம். சோறு ஊசியிருந்தது. ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை.

வயல் தப்பியது. அறுவடை மெசின் காக்காவின் துண்டில் இறங்கிய அன்று அவர் வரம்பில் குந்தியிருந்து தூசியைத் தின்றுகொண்டிருந்தார். புது நெல்லைக் குத்தி ஒரு மூட்டை அரிசி பாலையூற்றுக்குக் கொண்டுபோனார். கூட நானும் போனேன். ரீச்சர் வீட்டு முன் கதிரையின் நுனியில் குந்தி காக்கா தேத்தண்ணீர் குடித்தார். குளத்தைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அரிசியக் குடுத்தா சரியாகிருமா தம்பி?" என்று கேட்டார்.

அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனிதர், வெட்டின் இரண்டு கரையையும் நடந்து பார்த்தார். அரசாங்கக் குளமென்றால் ஏதாவது செய்யலாம், இது தனியாருடையது, தொட ஏலாது என்றார். அது எங்களுக்கு வெட்ட முன்னமே தெரியும். சித்திரை வெயிலில் குளத்தின் அடி வெடித்தது. நடுவில் எருமை கிடக்கிற அளவு ஒரு குட்டை. சிறுபோகம் இல்லை. முதுகு விடாது என்ற காக்கா வேறொருவரின் தோணியில் கடலுக்குப் போனார். தண்ணீர் இல்லாத குளத்துக்குக் காவல் எதற்கு என்று நான் பையைக் கட்டினேன். வவுனியாவில் பழைய லொறியில் ஏறினேன். சில மாதம்தான். அந்த லொறியும் நின்றுவிட்டது. திரும்பி லிங்கநகர் வாசலில் நின்றபோது அக்கா, "போ, குளத்தடியில ஆக்கள் மண் கொத்தினமாம். உன்னைத்தான் தேடினவை," என்றாள்.

காக்காவும் கீழ் வயல்காரர்களும் உழவு மெசினின் பெட்டியில் குளத்தின் அடிக்களியை ஏற்றி வந்து வெட்டில் கொட்டினார்கள். வெயில் ஏறுமுன் வேலை. கொட்டிய மண்ணின் மேல் அதே மெசினை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி இறுக்கினோம். உருளை மெசினை வாடகைக்குப் பிடிக்க வழியில்லை. கடலுக்குப் போகிற நாளில் காக்கா வர மாட்டார். மற்ற நாளில் அவர்தான் முதலில் நிற்பார். மழை வருமுன் நெஞ்சளவுக்குத்தான் கட்ட முடிந்தது. அதன் மேல் கட்ட ஒருவருக்கும் தெம்பும் இல்லை, டீசலும் இல்லை. நிரப்பிய இடத்தின் தலையில் கல் பரப்பி, அதையே வானாக்கினோம். முந்திய குளத்தில் இது பாதி.

பாதிக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்தில் மேல் வயலைத் தாண்டாது. மேல் வயல் ரீச்சருடையது. அவர் வந்து குடை நுனியால் வயலில் கோடு கீறினார். கீழ் வயல்காரர் ஒவ்வொருவருக்கும் அந்தப் போகத்துக்கு ஒரு துண்டு. துருசின் வாயடித் துண்டை காக்காவுக்குக் காட்டினார். காக்கா தலையைச் சொறிந்தார்.

"நான் முதலாவது எண்டா கடைசி ஆர் ரீச்சர்?"

"நான்தான். அந்தப் புளியடித் துண்டு."

"அது மேடு. தண்ணி ஏறாதே."

"ஏறினால் சொல்லுறன்."

போன மாரியில் முதல் மழை பெய்த அன்று நான் புது வானடியில் நின்றேன். மூட்டை எதுவும் அடுக்கவில்லை. எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒழுங்கு ஒழுங்குதானே என்று பாலையூற்றுக்குக் கோல் எடுத்தேன்.

"ரீச்சர், மழை தொடங்கிற்றுது. நீங்கதான் இப்ப கடைசி வயல். திறக்கலாமோ?"

"காக்காவைக் கேட்டியோ?" என்றார்.

காக்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். கடலில் இருந்து நேரே வந்த ஆள்; உடம்பில் மீன் வாடை. தொலைபேசியைப் பறித்தார்.

"ரீச்சர், தொறந்தாச்சு! அடைக்கவே இல்லெ! நீங்க பேசாமப் படுங்க!"

பிறகு மழையில் கொஞ்சம் நடந்து, நிரப்பிய இடத்தைக் காலால் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் களி நெகிழ்ந்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன். புற்றுமண் குழைத்து வைத்தோம். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீ எப்ப தம்பி போறாய்?"

"பாப்பம் காக்கா. இந்த மழை முடியட்டும்."

அவர் போன பின் துருசடிக்கு இறங்கினேன். கசிவு இருந்தது. ஏந்திப் பார்த்தேன். தெளிவுதான். நாளைக் காலையிலும் பார்க்க வேண்டும்.